ஐரோப்பாவில் ரயில் பயணமா? நடுவழியில் தங்க ஊர் பார்க்கப் பயனுள்ள குறிப்புகள்

ஐரோப்பாவை ரயிலில் சுற்றக் கிளம்பும் பலரும் பாரீஸ், வெனிஸ், வியன்னா என்று பெரிய ஊர்களைக் குறித்துவிட்டு, நடுவில் வரும் ஏழெட்டு மணி நேரத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே மூச்சில் கடக்கிறார்கள். நாங்களும் முதல் தடவை அப்படித்தான் போனோம். அடுத்த தடவை முழங்கால் வலியுள்ள மாமியாரையும் பத்து வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு போனதால், வழியில் சின்னச் சின்ன ஊர்களில் இறங்கித் தங்கித் தங்கிப் போனோம். ஹோட்டல் செலவு குறைந்தது, உடம்பு அலுக்கவில்லை. இன்றும் வீட்டில் பேச்செடுத்தால் வருவது அந்தச் சின்ன ஊர்கள்தான். அப்படி ஊர் தேர்ந்தெடுக்க நாங்கள் கைக்கொண்ட வழிகள் இவை.

1. முதலில் ஊரைப் பார்க்காதீர்கள், ஸ்டேஷனைப் பாருங்கள். ஒரு ராத்திரித் தங்கல் என்றால், ரயிலை விட்டு இறங்கிப் பெட்டியை உருட்டிக்கொண்டு 15 நிமிட நடையில் ஹோட்டலுக்குப் போய்விட வேண்டும். டாக்ஸி பிடித்தே ஆக வேண்டிய ஊர் எவ்வளவு அழகானாலும், மூன்று ராத்திரி தங்க நேரம் கிடைக்கும்போது போய்க்கொள்ளலாம்.

2. இந்தக் கணக்குக்கு முதல் மார்க் ஜெர்மனியின் கொலோனுக்கு. ஸ்டேஷன் வாசலைத் தாண்டியதும் கண்முன்னே 157 மீட்டர் உயர இரட்டைக் கோபுரத்தோடு பேராலயம் நிற்கும். 1248-ல் தொடங்கி 1880-ல் முடித்த கட்டடம் அது. தெற்குக் கோபுரத்தில் 533 படி ஏற முழங்காலில் தெம்பு இருப்பவர்கள் ஏறலாம். மற்றவர்கள் உள்ளே உட்கார்ந்து வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைப் பார்த்தாலே நேரம் போவது தெரியாது.

3. சுவிட்சர்லாந்தில் லூசர்ன் இதே ரகம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரே ஏரி, இடது பக்கம் கொஞ்சம் நடந்தால் 14-ம் நூற்றாண்டு மரப்பாலம். சூரிச்சிலிருந்து முக்கால் மணி நேரம்தான் என்பதால், சூரிச்சுக்குப் பதில் இங்கேயே தங்கிவிடலாம்.

4. ஜெர்மனியில் நூரம்பெர்க்கில் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே கோட்டை மதில் தொடங்கிவிடும். சுவிஸ் தலைநகர் பெர்னில் ஸ்டேஷனை விட்டு இறங்கினால் பழைய நகரத்தின் தொடக்கத்திலேயே நிற்பீர்கள். கடைகளின் முன்னால் கூரை போட்ட நடைபாதையே மொத்தம் 6 கிலோமீட்டர் போகும் என்பதால், மழை பெய்தாலும் பெர்னில் குடை விரிக்காமல் சுற்றலாம்.

5. பெயரோடு 'டிஜிவி' (பிரான்ஸின் வேக ரயில்) என்று வால் ஒட்டியிருக்கும் பிரெஞ்சு ஸ்டேஷன்களில் கவனம். எக்ஸான் ப்ரோவான்ஸ் டிஜிவி, பெசான்சோன் டிஜிவி எல்லாம் ஊருக்கு வெளியே தனியாக நிற்பவை. அவிஞோனில் மட்டும் கவலையில்லை. டிஜிவி ஸ்டேஷனுக்கும் ஊர் நடுவிலிருக்கும் ஸ்டேஷனுக்கும் இடையே ஐந்து நிமிட ரயில் ஓடுகிறது.

6. ஒரே ஊரில் இரண்டு மூன்று ஸ்டேஷன் இருந்தால், ஹோட்டல் போடும் முன் அடுத்த நாள் ரயில் எதிலிருந்து கிளம்புகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாசலில் சுவிஸ் ஸ்டேஷன் வேறு, ஜெர்மன்காரர்களின் பாடிஷர் ஸ்டேஷன் வேறு. லியோனில் பார்த்-தியூ வேறு, பெராஷ் வேறு. லீல் நகரில் இரண்டு ஸ்டேஷன்களுக்கும் நடுவே பத்து நிமிடத்துக்குள் நடந்துவிடலாம், அதனால் அங்கே எதில் இறங்கினாலும் சரி.

7. இத்தாலியின் மலையூர்களில் ஸ்டேஷன் அடிவாரத்தில் இருக்கும், ஊர் உச்சியில் இருக்கும். வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் என்று பார்த்து ஏமாறாதீர்கள், அது செங்குத்து ஏற்றம். ஆர்வியேட்டோவில் மட்டும் ஸ்டேஷனுக்கு எதிரிலிருந்தே கேபிளில் இழுக்கும் குட்டி ரயில் மேலே ஏற்றிவிடுகிறது, பெரியவர்களுக்கும் தோதானது.

8. பழைய நகரத் தெருக்களில் கருங்கல் பாவியிருப்பார்கள். நான்கு குட்டிச் சக்கரப் பெட்டி அதில் தடுக்கித் தடுக்கி நிற்கும்; இரண்டு பெரிய சக்கரம் உள்ள பழைய ரகப் பெட்டிதான் அங்கே ராஜா. புதுப் பெட்டி வாங்கக் கிளம்பும் முன் பரணில் இருப்பதை இறக்கிப் பாருங்கள்.

9. ஒரு நாளைக்கு ரயிலில் நான்கு மணி நேரம் என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போகும் பயணத்தை நடுவில் வெட்டுங்கள். வெட்டும் இடத்தில் ரயில்கள் ஒன்றுக்கொன்று குறுக்கிடும் ஜங்ஷன் ஊர் இருக்கிறதா என்று பார்த்தால், மறுநாள் காலை ஒரு ரயில் தவறினாலும் அடுத்தது சீக்கிரம் கிடைக்கும்.

10. பெர்லினிலிருந்து பிராக் போகிறவர்களுக்கு டிரெஸ்டன் கச்சிதமான பாதி வழி, இரண்டு பக்கமும் சுமார் இரண்டு மணி நேரம். டிரெஸ்டனிலிருந்து பிராக் போகும்போது இடது பக்க ஜன்னல் சீட்டில் உட்காருங்கள். எல்பே ஆறு கூடவே வரும். அதன் கரையில் எழும்பி நிற்கும் மணற்பாறைகளைப் பார்த்துக்கொண்டே எல்லை தாண்டிவிடலாம்.

11. பிராக்கிலிருந்து வியன்னா நான்கு மணி நேரம், நடுவில் பிரனோ. ஸ்டேஷனுக்கு எதிரிலேயே பழைய நகரம், விலைவாசி பிராக்கை விடக் குறைவு, அங்கிருந்து வியன்னா ஒன்றரை மணி நேரம். வெளிநாட்டுக் கூட்டம் அதிகம் இல்லாத ஊர் என்பதால் ஓட்டலில் மெனுவை நிதானமாக விளக்கிச் சொல்வார்கள்.

12. வியன்னாவில் அறை விலை எட்டாவிட்டால் ஒரு மணி நேரத்தில் பிராட்டிஸ்லாவா. ஸ்லோவாக்கியாவும் யூரோ நாடுதான், பணம் மாற்ற வேண்டியதில்லை. புடாபெஸ்ட் போகிற வழியிலேயே இருப்பதால் சுற்று வழியும் கிடையாது.

13. பணம் மாற்றும் செலவையும் ஊர்க் கணக்கில் சேருங்கள். செக் நாட்டில் கொருனா, ஹங்கேரியில் ஃபோரின்ட், போலந்தில் ஸ்லோட்டி, சுவிட்சர்லாந்தில் ஃபிராங்க். ஒரே ஒரு ராத்திரிக்காக இந்த நாடுகளில் இறங்குகிறீர்கள் என்றால் நோட்டு வாங்காமல் கார்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய சில்லறையைத் திருப்பி யாரும் வாங்க மாட்டார்கள்.

14. மியூனிக்கிலிருந்து வெனிஸ் நேர் ரயிலிலேயே ஆறு மணி நேரத்துக்கு மேல். இன்ஸ்புரூக்கில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போனால், 1867-ல் போட்ட ப்ரென்னர் மலைப்பாதையைக் காலை வெளிச்சத்தில் பார்க்கலாம். அந்தக் கணவாய் 1,371 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இருட்டில் தூங்கிக்கொண்டே கடந்தால் பாதிப் பயணம் வீண்.

15. அதே வழியில் இன்னும் தெற்கே போனால் வெரோனா. போர்ட்டா நுவோவா ஸ்டேஷனிலிருந்து நேர் தெருவில் 20 நிமிடம் நடந்தால் ரோமானியர் கட்டிய அரங்கம், இன்றும் கோடையில் ஆப்பரா நடக்கும் இடம். ஆப்பரா நாட்களில் அறை விலை ஏறும், தேதி பார்த்துக்கொள்ளுங்கள்.

16. வெனிஸில் தங்கும் காசில் படுவாவில் வசதியாகவே தங்கலாம். அரை மணி நேரம்தான் தூரம், வட்டார ரயில் அடிக்கடி ஓடும், அதன் கட்டணம் கடைசி நிமிடத்தில் வாங்கினாலும் ஏறாது. ஓவியர் ஜொத்தோ சுவர் முழுக்க வரைந்த ஸ்க்ரோவெஞி சிற்றாலயம் படுவாவில்தான் இருக்கிறது. அதற்கு நேரம் குறித்து முன்பதிவு செய்தால்தான் உள்ளே விடுவார்கள்.

17. வெனிஸுக்குள் பகலில் மட்டும் போய்வருவோரிடம் குறிப்பிட்ட நாட்களில் 2024 முதல் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். மெஸ்த்ரே வெனிஸ் நகராட்சிக்குள் இருப்பதால் அங்கே தங்குபவர்கள் இணையத்தில் பதிந்து விலக்குப் பெறலாம்; படுவாவில் தங்குபவர்கள் கட்ட வேண்டும். கட்டண நாள் பட்டியலைப் பார்த்துவிட்டு இரண்டில் எது லாபம் என்று முடிவு செய்யுங்கள்.

18. ஃபிளாரன்ஸில் அறை கிடைக்காத நாட்களில் பொலோஞாவைப் பாருங்கள். வேக ரயிலில் 40 நிமிடம்தான், மிலானும் வெனிஸும் கூடப் பக்கம். நகரம் முழுக்க 62 கிலோமீட்டர் தூண் வரிசை நடைபாதைகள், 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. வெயிலும் மழையும் தலையில் படாது. வேக ரயில்கள் நிற்கும் 16 முதல் 19 வரையுள்ள பிளாட்பாரங்கள் பூமிக்கு அடியில் ஆழத்தில் இருப்பதால், கிளம்பும்போது பத்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

19. சூரிச்சிலிருந்து மிலான் போகும் வழியில் பெல்லின்சோனாவில் இறங்குங்கள். மூன்று கோட்டைகள், இத்தாலி மொழி பேசும் சுவிஸ் ஊர். அந்த டிசினோ மாநிலத்தில் ஹோட்டலில் தங்குபவர்களுக்குப் பஸ், ரயில் இலவசமாகப் போய்வர அட்டை தருகிறார்கள். ஒரு ராத்திரி தங்கினாலே லுகானோ, லொகார்னோ இரண்டையும் காசு செலவில்லாமல் பார்த்துவிடலாம்.

20. இப்படி விருந்தினர் அட்டை தரும் ஊர்களைத் தேடிப் பிடிப்பது நல்ல சிக்கனம். பாசல், பெர்ன், இன்டர்லாக்கன் மூன்றிலும் ராத்திரி தங்கினால் உள்ளூர்ப் பயணம் இலவசம். சில ஹோட்டல்களில் நாமாகக் கேட்டால்தான் எடுத்துத் தருகிறார்கள், அதனால் சாவி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

21. லக்ஸம்பர்க்கில் அட்டையும் தேவையில்லை. 2020 பிப்ரவரி 29 முதல் நாடு முழுக்கப் பஸ், டிராம், இரண்டாம் வகுப்பு ரயில் எல்லாமே எல்லோருக்கும் இலவசம். ப்ரஸ்ஸல்ஸிலிருந்து ஸ்ட்ராஸ்பர்க் போகிறவர்களுக்கு வழியில் வரும் ஊர்; அலுவலகக்காரர்கள் வந்துபோகும் இடம் என்பதால் சனி, ஞாயிறில்தான் அறை மலிவு.

22. ஸ்ட்ராஸ்பர்க் எனக்கு மிகவும் பிடித்த தங்கல் ஊர். பாரீஸிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். 142 மீட்டர் பேராலயமும் அதற்குள் இருக்கும் வானியல் கடிகாரமும் நடை தூரம், ஆற்றங்கரை மரச்சட்ட வீடுகள் அதற்கும் பக்கம். ஆனால் மாதம் ஒரு முறை நான்கு நாள் ஐரோப்பிய நாடாளுமன்றம் இங்கே கூடும், அந்த நாட்களில் அறை விலையைக் கேட்டால் மயக்கம் வரும். நாங்கள் தெரியாமல் அந்த வாரத்தில் மாட்டிக்கொண்டபோது, அரை மணி நேரத்தில் இருக்கும் கோல்மாருக்குப் போய்த் தங்கினோம். அந்த ஊர் மாமியாருக்கு ஸ்ட்ராஸ்பர்க்கை விடப் பிடித்துப்போனது.

23. ஸ்ட்ராஸ்பர்க்கில் செலவைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு. 2017 முதல் அங்கிருந்து டிராம் ரைன் ஆற்றைத் தாண்டி ஜெர்மனியின் கேல் ஊருக்குப் போகிறது. சாப்பாட்டுச் சாமான், சோப்பு, ஷாம்பு எல்லாம் அந்தப் பக்கம் மலிவு என்று பிரெஞ்சுக்காரர்களே டிராமில் பை பையாக வாங்கிவருவதைப் பார்க்கலாம்.

24. பெரிய சந்தை, கண்காட்சி, திருவிழா நாட்களைத் தவிர்த்தாலே பாதிப் பணம் மிச்சம். பிராங்பர்ட்டில் அக்டோபரில் புத்தகக் கண்காட்சி, மியூனிக்கில் செப்டம்பர் கடைசியில் அக்டோபர்ஃபெஸ்ட், மிலானில் ஏப்ரலில் மரச்சாமான் கண்காட்சி, சால்ஸ்பர்க்கில் ஜூலை, ஆகஸ்டில் இசை விழா. டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைக்காக ஸ்ட்ராஸ்பர்க், கோல்மார் இரண்டுமே நிரம்பி வழியும்.

25. ஆம்ஸ்டர்டாமில் அறை வாடகையோடு 12.5 சதவீதம் சுற்றுலா வரியும் உண்டு. அதற்குப் பதில் தங்க ஹார்லெம் 15 நிமிடத்தில் இருக்கிறது, லெய்டன் விமான நிலையத்திலிருந்தே பக்கம். இரண்டுமே கால்வாயும் காற்றாலையும் உள்ள அழகான ஊர்கள்.

26. பிராங்பர்ட்டில் விமானம் இறங்குபவர்கள் முதல் ராத்திரியை மைன்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்துக்கு அடியிலிருந்தே ரயில், அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம்; பிராங்பர்ட் ஸ்டேஷனைச் சுற்றியுள்ள தெருக்களில் ராத்திரி பெட்டியோடு நடக்கவும் வேண்டாம். அச்சுக்கலை தந்த குட்டன்பர்க்கின் ஊர் இது. புனித ஸ்டீபன் ஆலயத்தில் ஓவியர் ஷாகால் செய்த நீல ஜன்னல்களுக்குக் கீழே உட்கார்ந்தால் விமானக் களைப்பு தானாக இறங்கும்.

27. கொலோனிலிருந்து மைன்ஸ் வரும்போது வேக ரயிலில் ஏறாதீர்கள். 2002-ல் போட்ட வேகப்பாதை மலைகளுக்குள் புகுந்து ரைன் பள்ளத்தாக்கைத் தவறவிடும். கோப்லென்ஸ் வழியாகப் போகும் மெதுவான ரயிலில் இடது பக்கம் உட்கார்ந்தால் ஆறு, கோட்டைகள், திராட்சைத் தோட்டம், லோரலை பாறை எல்லாம் வரிசையாக வரும். நேரமிருந்தால் கோப்லென்ஸிலேயே இறங்கி, மோசல் ஆறு ரைனில் கலக்கும் முனைவரை நடந்துவிட்டு வாருங்கள்.

28. பல நாட்டு ரயில்களிலும் செல்லும் யூரெயில் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பயண நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. அதற்குள் எத்தனை ரயில் வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். ஆகவே ராத்திரி தங்காமலே பகலில் மூன்று மணி நேரம் கொலோனில் இறங்கிவிட்டுப் போவதற்குத் தனிச் செலவில்லை. உல்ம் நகரும் அப்படித்தான்: ஐன்ஸ்டீன் பிறந்த ஊர், 161 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஆலயக் கோபுரம், ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை.

29. பாஸில் பயண நாட்கள் எண்ணி வருவதால், அவற்றை நீளமான பயணங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ராஸ்பர்க்-கோல்மார், படுவா-வெனிஸ் போன்ற குட்டித் தூரங்களுக்குத் தனி டிக்கெட்டே மலிவு. 4 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்குப் பெரியவரின் பாஸோடு இலவச பாஸ் உண்டு. வாங்கும்போதே சேர்த்துக் கேட்க வேண்டும். 60 வயது தாண்டியவர்களுக்குத் தள்ளுபடியும் உண்டு.

30. பாஸ் இருந்தாலும் பிரான்ஸின் டிஜிவி, ஸ்பெயினின் ஆவே, இத்தாலியின் ஃப்ரெச்சியாரோஸா, யூரோஸ்டார் ஆகிய வேக ரயில்களில் சீட்டுக்குத் தனியாகப் பணம் கட்டி ரிசர்வ் செய்ய வேண்டும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து உள்நாட்டு ரயில்களில் பெரும்பாலும் வேண்டாம். அதனால் நினைத்த இடத்தில் இறங்கி நினைத்தபோது ஏற ஆசைப்படுபவர்கள், நடுவழித் தங்கலை இந்த மூன்று நாடுகளில் அதிகம் வையுங்கள்.

31. பாஸ் இல்லாமல் ஜெர்மன் ரயிலில் மலிவு டிக்கெட் எடுப்பவர்களுக்கு ஒரு நல்ல வசதி. டிக்கெட் தேடும்போதே நடுவில் ஒரு ஊரையும் அங்கே எத்தனை மணி நேரம் என்பதையும் போட்டுத் தேடலாம். ஒரே டிக்கெட்டிலேயே இறங்கி ஏறிக்கொள்ளலாம். பல சமயம் நேர் டிக்கெட் விலையேதான் வருகிறது.

32. பவேரியா மாநிலத்துக்குள் சுற்றும்போது பவேரியா டிக்கெட் எனும் ஒரு நாள் சீட்டு ஐந்து பேர்வரை செல்லும். வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் ஏறலாம், வட்டார ரயில்கள் மட்டும். எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரை இது செல்லும் என்பது பலருக்குத் தெரியாது.

33. சுவிஸ் பெர்னினா பாதையில் கண்ணாடிக் கூரை ரயிலுக்கு ரிசர்வேஷன் கட்டணம் உண்டு. அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண வட்டார ரயிலுக்குக் கிடையாது. மலை, பனி, ப்ரூஸியோவில் வட்டமடிக்கும் பாலம் எல்லாம் ஒன்றுதான். குர் நகரில் முந்தின ராத்திரி தங்கிவிட்டுக் காலையில் கிளம்பினால், வழியில் பிடித்த இடத்தில் இறங்கி அடுத்த ரயிலில் ஏறலாம். 2,253 மீட்டரில் இருக்கும் ஆஸ்பிஸியோ பெர்னினாவில் கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும்.

34. ஷெங்கன் விசாவுக்கு எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. நடுவழித் தங்கல் ஒவ்வொன்றும் இந்தக் கணக்கை மாற்றும். ஊர்ப் பட்டியல் முடிந்ததும் நாடு நாடாக ராத்திரிகளை எண்ணிப் பார்த்துவிட்டு விசாவுக்கு நாள் குறியுங்கள்.

35. இறங்கிச் சுற்றும் ஊரில் லாக்கர் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். சுவிட்சர்லாந்து, ஜெர்மனியில் ஓரளவு பெரிய ஸ்டேஷன் எல்லாவற்றிலும் இருக்கும். பிரான்ஸில் பெரிய ஸ்டேஷன்களில் மட்டும்தான், அதுவும் ராத்திரி பூட்டிவிடுவார்கள். கொலோனில் பெட்டியைக் கொடுத்தால் எந்திரமே பூமிக்கடியில் கொண்டுபோய் வைத்துவிடும், சீட்டைக் காட்டினால் திரும்பக் கொண்டுவரும். பையன் அதைப் பார்ப்பதற்காகவே இரண்டாம் தடவை பெட்டியைப் போடச் சொன்னான்.

36. ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனி, ஆஸ்திரியாவில் கடைகள் மூடியிருக்கும். ஸ்டேஷனுக்குள் இருக்கும் சூப்பர் மார்க்கெட் மட்டும் திறந்திருக்கும். அதனால் ஞாயிறன்று இறங்கும் ஊர், சின்னக் கிராமமாக இல்லாமல் பெரிய ஸ்டேஷன் உள்ளதாக இருக்கட்டும். பாலும் ரொட்டியும் தயிரும் கிடைத்துவிடும்.

37. குளிர்காலத்தில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும், ஜூனில் ராத்திரி ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். கோடையில் சாயங்காலம் போய்ச் சேர்ந்தாலும் ஊர் பார்க்கலாம். டிசம்பரில் மதியம் ஒரு மணிக்குள் போய்ச் சேராவிட்டால் படுக்கைக்கு மட்டும்தான் காசு கொடுத்ததாக ஆகும்.

38. ஸ்பெயினில் மாட்ரிட்-பார்சிலோனா நடுவில் ஸரகோஸா, மாட்ரிட்-செவிய்யா நடுவில் கோர்டோபா. கோர்டோபாவின் தூண்காடு போன்ற பழைய மசூதிப் பேராலயத்தைக் காலையில், பகல் கூட்டம் வரும் முன் பார்ப்பதற்காகவே அங்கே ராத்திரி தங்கலாம். ஜூலை, ஆகஸ்டில் மட்டும் வேண்டாம், வேலூர் வெயில் தோற்றுப்போகும். ஆவே ரயில்களுக்கு விமான நிலையம் போலப் பெட்டிச் சோதனை உண்டு, அரை மணி முன்னால் போய்விடுங்கள்.

39. நம்மூர்ச் சாப்பாட்டுக்கு ஏங்குபவர்கள் பாரீஸில் ரயில் மாறும் இடைவேளையை வீணாக்காதீர்கள். கார் டு நோர் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் லா ஷப்பல், ஈழத் தமிழர் கடைகள் நிறைந்த பகுதி. இட்லி, தோசை, கொத்து ரொட்டி எல்லாம் கிடைக்கும். அடுத்த இரண்டு நாள் பயணத்துக்கு ஊறுகாயும் அப்பளமும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

40. பெர்னில் தங்குபவர்கள் ஐரோப்பாப்ளாட்ஸில் இருக்கும் மதங்களின் இல்லத்துக்குப் போய்வாருங்கள். 2014-ல் திறந்த அந்த ஒரே கட்டடத்துக்குள் நம் சைவக் கோயிலும் மசூதியும் தேவாலயமும் புத்த மையமும் சேர்ந்து இருக்கின்றன. ஸ்டேஷனிலிருந்து சில நிமிடங்கள்தான், விருந்தினர் அட்டையிலேயே போகலாம்.

41. பெர்லினிலிருந்து கொலோன் போகும் வழியில் ஹாம் என்று ஒரு ஜங்ஷன் வரும். சில ரயில்கள் அங்கே இரண்டாகப் பிரிந்து தனித்தனி வழியே போகும். நம் பெட்டி எந்த ஊர் போகிறது என்று கதவுப் பக்கப் பலகையில் பார்த்து ஏற வேண்டும். அந்த ஊரின் யூன்ட்ராப் பகுதியில்தான் 2002-ல் குடமுழுக்கு நடந்த ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில், முறையான ராஜகோபுரத்தோடு நிற்கிறது. ஸ்டேஷனிலிருந்து வெளியே கொஞ்சம் தூரம் போக வேண்டும். ஆனால் ஜெர்மனியின் வயல்களுக்கு நடுவே அந்தக் கோபுரத்தைப் பார்த்ததும் மாமியார் கை கூப்பி நின்ற நிற்பை என்னால் மறக்க முடியாது. கோடையில் தேர்த்திருவிழா நடக்கும் வாரம் தெரிந்துகொண்டு போனால் இன்னும் விசேஷம்.

42. ஐரோப்பிய ஒன்றியத்தில் ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் டிக்கெட்டில் 25 சதவீதம், இரண்டு மணி நேரம் என்றால் 50 சதவீதம் திரும்பக் கேட்கலாம். முழுத் தூரத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால்தான் இணைப்பு ரயில் தவறியதற்கும் அது சேரும். துண்டு துண்டாக எடுத்திருந்தால் தங்கும் ஊரில் ஒரு ராத்திரி இடைவெளி விட்டுக்கொள்வதே பத்திரம்.

43. இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் முன்கூட்டியே அறிவிக்கப்படும். வார நாட்களில் காலை 6 முதல் 9 வரை, மாலை 6 முதல் 9 வரை வட்டார ரயில்கள் கட்டாயம் ஓட வேண்டும் என்று விதி. அந்த நேரங்களில் கிளம்பும்படி திட்டம் மாற்றிக்கொண்டால் ஊரில் முடங்க வேண்டாம்.

44. தங்கும் ஊருக்குக் கடைசி ரயிலில் போகும்படி ஒருபோதும் திட்டம் போடாதீர்கள். சின்ன ஹோட்டல்களில் ராத்திரி ஒன்பதுக்கு மேல் வரவேற்பில் ஆள் இருக்க மாட்டார். வாசல் பெட்டியில் சாவி எடுக்கும் எண்ணை அன்று மதியமே கேட்டு ஒரு காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

45. காலை ரயிலுக்குக் கிளம்பும் முன் குழாயில் பாட்டில் நிரப்புங்கள். சுவிஸ் ஊர்களில் தெருமுனை நீரூற்றும், ரோமில் தெருக்குழாயும் குடிக்கத் தோதானவை, வியன்னா குழாய்க்கு ஆல்ப்ஸ் மலை ஊற்றுநீரே வருகிறது. ஸ்டேஷன் கடையில் ஆளுக்கு ஒரு பாட்டில் வாங்கும் காசில் நான்கு பேருக்கும் சூடாக ரொட்டி வாங்கி, ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிடலாம்.